அடுத்த படகில் வருகிறேன் என்றவன்

அன்புள்ள வாலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறார், அவருடைய இடது கால் மட்டும் விழுந்த நாளிலிருந்து இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துவிடுகிறார், வீட்டில் எல்லாக் கதவிலும் அது இடித்துக் கீறல் விழுந்தாயிற்று, கேட்டால் கதவு குறுகல் என்கிறார். ஆபீசில் பத்துப் பேரை வேலை வாங்குகிறவளை இன்னும் வாலு என்று கூப்பிடுகிறாளே என்று முறைக்காதே, அது உன் ஆபீசுக்குத் தெரியவா போகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எங்கே பேசவிடுகிறாய்? எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து உன் மாமியார் 'நல்லா இருக்கீங்களா சம்பந்தி, அவருக்குக் கால் எப்படி இருக்கு' என்று தலையை நீட்டிவிடுகிறார். அவர் கேட்பதில் தப்பே இல்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மனசில் இருப்பதை அவர் காதுபடச் சொல்ல முடியுமா? அதனால்தான் காகிதம். இதை நீ மட்டும் படி.

விஷயம் அந்தக் கப்பல் படம்தான். நீ அங்கே போனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்கு ஒரு வழக்கம், நீ உன் சோபாவில், நான் என் கட்டிலில், ஒரே படத்தை ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டு போனைக் காதோரம் வைத்துக்கொள்வது. நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்ல, இருவரும் ஒன்றாக அழுத்தவேண்டும். நான் மூன்றிலேயே அழுத்திவிடுவேன், நீ மூன்று வந்துவிட்டதா என்று யோசித்துவிட்டு அழுத்துவாய், அதனால் உன் படம் எப்போதும் என் படத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் ஓடும். நான் முதலில் சிரிப்பேன், 'அம்மா, முன்னாடியே சிரிச்சுக் கெடுக்காதே' என்று நீ கத்துவாய், அப்புறம்தான் நீ சிரிப்பாய். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட நீ என்னை முந்தியதில்லை. அன்றைக்குக் கப்பல் படம் போட்டோம். 'நான் இன்னும் பார்க்கலைம்மா, உன்னோட பார்க்கணும்னுதான் வச்சிருக்கேன்' என்று நீதான் சொன்னாய், எனக்கும் வாயெல்லாம் பல். கப்பல் பாறையில் மோதிச் சாய்கிறது, கப்பலில் விளக்குகளைக் கவனிக்கிற அந்தப் பையன் தன் காதலியைப் படகில் ஏற்றிவிட்டு, நீ முன்னால் போ, நான் அடுத்த படகில் வருகிறேன் என்கிறான். அதுதான் கடைசிப் படகு என்று அவனுக்குத் தெரியும், பார்க்கிற நமக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. படகு பாறையில் முட்டாமல் விலகிப் போகவேண்டுமே என்று அவன் உள்ளே நின்று விளக்கை அணையவிடாமல் காக்கிறான், அவள் அந்த வெளிச்சத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டு போகிறாள். என் திரையில் கப்பல் விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது, போனில் நீ 'ஐயோ' என்று விம்முகிறாய். எதுக்குடி ஐயோ என்று கேட்க வாயெடுத்தேன், அதற்கு அப்புறம்தான் என் கப்பலில் விளக்கெல்லாம் ஒன்றாக அணைந்தது. எப்போதும் எனக்குப் பின்னால் அழுகிறவள் அன்றைக்கு எனக்கு முன்னால் அழுதுவிட்டாய். நீ இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் மிச்சப் படத்தையும் பார்த்தேன், என்ன பார்த்தேன் என்றுதான் தெரியவில்லை.

யாரோடு பார்த்திருப்பாய் என்று மண்டையை உடைத்துக்கொள்ள அவசியமே வரவில்லை. அந்த வாரமே உன் மாமியார் அப்பாவின் காலை விசாரிக்கக் கூப்பிட்டார், பேச்சோடு பேச்சாக, 'அந்தக் கப்பல் படத்தை நாங்க ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உட்கார்ந்து பார்த்து அழுது தீர்த்துட்டோம் சம்பந்தி' என்றார். போதாததற்கு மாப்பிள்ளை எடுத்த போட்டோ வேறு அனுப்பினார். ஒரே போர்வை, அதன் நுனியில் நாலு பாதம், அவர் தோளில் உன் தலை. எனக்குப் பொறாமையடி. மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது, அந்த போட்டோவைப் பார்த்து வயிறு எரிந்தது. உன் சமையலறையில் கரண்டி எந்த இழுப்பறையில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும், பாத்ரூம் குழாயை எந்தப் பக்கம் திருப்பினால் வெந்நீர் வரும் என்று தெரியும், எனக்கு உன் வீடு நீ போனைத் திருப்பிக் காட்டுகிற அளவுக்குத்தான் தெரியும். நீயும் கிளம்பி வரவேண்டியதுதானே என்று சொல்லிவிடாதே, அவ்வளவு நேரம் காலை மடக்கி விமானத்தில் உட்காரக்கூடாது என்று அப்பாவுக்கு உத்தரவு, அவரைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கே வருவது? அந்த அம்மாவைத் திட்டலாம் என்றாலும் திட்டுவதற்கு ஒன்றும் அகப்படமாட்டேன் என்கிறது. எனக்கென்று ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பியிருந்தாரே, அளவு கேட்காமலே அவ்வளவு கச்சிதம். வீம்புக்குப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தேன், இன்றைக்குக் குளிர் தாங்கவில்லை, அதைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இதையும் அவரிடம் சொல்லிவைக்காதே.

சரி, படத்துக்கு வருகிறேன். விளக்குக்காரன் சொன்ன பொய் சரியா தப்பா என்று இங்கே வீடு இரண்டு பட்டுக் கிடக்கிறது. தப்பு என்கிறவள் நான், அப்பா முழுக்க அவன் கட்சி. 'உண்மையைச் சொல்லியிருந்தா அவ ஏறியிருப்பாளா? ரெண்டு பேரும் சேர்ந்து முழுகியிருப்பாங்க, அவன் கெட்டிக்காரன்' என்கிறார், அதோடு நிற்காமல் நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று மார்தட்டுகிறார். குளியலறைக்குப் போவதற்கே என்னைக் கூப்பிடுகிற மனுஷன் கப்பலில் யாரைக் காப்பாற்றப் போகிறார், சொல். நான் வேலை பார்க்கிற இடத்தில் பல் டாக்டரம்மாவும் அவன் கட்சிதான். 'நான் வலிக்காதுன்னு சொல்லித்தானே எல்லாரையும் நாற்காலியில உட்கார வைக்கிறேன், அது பொய்தான், ஆனா அந்தப் பொய் இல்லாட்டி ஒரு பல்லும் பிடுங்க முடியாது' என்றார். நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள் டாக்டர், வெளியே வந்ததும் என்னைத்தானே எல்லோரும் முறைக்கிறார்கள் என்றேன். காத்திருந்தவர்களும் இதைக் கேட்டு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள், கன்னம் வீங்கிப் பேச முடியாமல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் என் பக்கம் என்று விரலை ஆட்டிக் காட்டினாள், அவளை வரிசையில் கொஞ்சம் முன்னால் அனுப்பினேன். உன் மாமியார் என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும். 'அந்தப் பொய்யிலதான் அவனோட அன்பே இருக்கு' என்று குடும்பக் குழுவில் எழுதினார், கீழேயே நீ 'அத்தை சொல்றதுதான் கரெக்ட்' என்று போட்டாய். சினிமா விஷயத்தில் நீ என் கட்சி இல்லாமல் இருந்ததே கிடையாது. கதாநாயகன் மூஞ்சி பிடிக்கவில்லை என்றால்கூடச் சேர்ந்தே பிடிக்காது. அதைப் படித்துவிட்டு நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

எனக்கு அவன்மேல் ஏன் அவ்வளவு கோபம் என்று யாருமே கேட்கவில்லை, அதனால் நானே சொல்கிறேன். எல்லோரும் கப்பலில் நிற்கிறவனையே பார்க்கிறீர்கள். நான் கரையில் நிற்கிற அவளைப் பார்த்தேன். விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை, அவன்தான் அடுத்த படகு என்று சொல்லியிருக்கிறானே, கரை சேர்ந்தும் நனைந்த துணியைக்கூட மாற்றாமல் கடலைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள், யாரோ கஞ்சியைக் கையில் கொடுக்க அதையும் குடிக்காமல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனை அறைந்திருப்பாள், கட்டிக்கொண்டு கதறியிருப்பாள், பிடித்துத் தள்ளித்தான் ஏற்றியிருக்க வேண்டும், ஆனால் கரையில் உட்கார்ந்து அழுதாவது இருப்பாள். அடுத்த படகு என்று சொன்னதால் அழக்கூட முடியாமல் போயிற்றே. இது எனக்குத் தெரிந்த அளவுக்கு உன் அத்தைக்குத் தெரியாது, அவர் போர்வைக்குள் இருக்கிறார். டாக்டரம்மா வாசலில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே அனுப்புகிற என் வேலையே 'அடுத்தது' என்கிற அந்த ஒரு வார்த்தைதான். அடுத்தது நீங்கதான் என்று சொல்லிவிட்டால், சொல்லப்பட்டவர் அப்புறம் எழுந்திருக்கமாட்டார். தண்ணீர் குடிக்கப் போகமாட்டார், போன் வந்தால் வெளியே போகமாட்டார், எங்கே அந்த நேரத்தில் கதவு திறந்துவிடுமோ என்று நாற்காலி நுனியிலேயே இருப்பார். டாக்டர் வராத நாளில் மட்டும் நான் நேராகச் சொல்லிவிடுவேன், இன்றைக்கு இல்லை என்று. கன்னாபின்னாவென்று திட்டுவார்கள், திட்டிவிட்டு எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அடுத்த லீவுக்கு வருகிறேன் என்று நீ சொல்ல ஆரம்பித்து எத்தனை லீவு போயிற்று. முதலில் புது வேலை, அப்புறம் வீடு மாற்றினீர்கள், இப்போது அத்தை வந்திருக்கிறார்கள். எல்லாம் நியாயமான காரணம்தான், ஒன்றையும் நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் உன் அறைத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டுகிறேன், அப்பா அங்கே பரப்பி வைத்திருக்கிற தைலம், காலில் கட்டுகிற பட்டை, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் கூடத்துக்குக் கொண்டுவருகிறேன், லீவு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறேன். படத்தைப் பார்க்கவில்லை என்று நீ சொன்ன பொய் எதற்காக என்று எனக்குத் தெரியாதா, என் மனசு நோகக்கூடாது என்றுதான் சொன்னாய். அடுத்த லீவு என்பதும் அதே மாதிரிதான் என்று எனக்கு அந்த ஐயோவைக் கேட்டபோது தோன்றியது, தோன்றினதை அப்புறம் தள்ளவே முடியவில்லை. பொய்யில்தான் அன்பு இருக்கிறதென்றால், அன்பை வேண்டுமானால் உன் அத்தைக்கே கொடு, எனக்கு உண்மையைக் கொடு. வருகிறாய் என்றால் எந்தத் தேதி என்று சொல். வரமுடியாதென்றால் இந்த வருஷம் இல்லைம்மா என்று நேராகச் சொல்லிவிடு. திட்டுவேன், அழுவேன், அப்புறம் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், சண்டை போட்டாலும் அன்றைக்கே சமாதானமாகி, நீண்ட காலம் நிறைவாக வாழவேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி. இந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையும் பார்க்காத படமாக ஒன்று எடுத்து வை. வேண்டுமானால் அவரும் உட்காரட்டும், ஸ்வெட்டர் போட்டுக்கொண்ட பிறகு எனக்கு அவ்வளவு வீம்பு இல்லை. ஆனால் போன் உன் காதில் இருக்கட்டும், ஸ்பீக்கர் வேண்டாம். படம் போடுவதற்கு முன்னால் நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடு, சொன்ன பிறகுதான் நான் ஒன்று, இரண்டு, மூன்று சொல்வேன்.

இப்படிக்கு,
நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா