சட்டைக்குள் பல்லி

அன்பு மனைவிக்கு,

நீயும் குழந்தையும் நலம்தானே? நானும் நலம், பயப்படாதே. பல்லி எப்படிச் சுவர் ஏறுகிறது என்று ஆராயும் இந்தக் கூடத்தில் கண்ணாடி துடைப்பதுதானே என் வேலை? நேற்று தலைக்கு எண்ணெய் தடவிய கையோடு துடைத்துவிட்டேன். ஏறிய பல்லி வழுக்கி, குனிந்திருந்த என் சட்டைக்குள் விழுந்து நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. சீ! பிடித்து இழுக்கப் போனேன்.

“பிடிச்சு இழுக்காதீங்க!” என்று ஆராய்ச்சி மேடம் கத்தினார். “பல்லி விரல்ல கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கு, அதுதான் பிடிக்குது. நுனியிலேர்ந்து மேல சுருட்டுங்க, தானா விட்டுடும்.”

ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சனியன், எச்சமும் போட்டுவிட்டது. எத்தனை முறை குளித்தும் அருவருப்பு போகவில்லை.

பல்லிகளுக்குத் தீனி வைக்கக் கூப்பிடுகிறார்கள். உன் பழைய நூல் புடவை ஒன்று அனுப்பு. கண்ணாடி துடைக்கத்தான். துவைக்காமல் அனுப்பு.