றேமண்ட் வெளுத்த முகம்

மார்ச் 4
அறுபதுகளின் பவுடர் விளம்பரம் ஒன்றை அப்படியே திரும்ப நடித்து, இன்று படம் எடுத்து முடித்தேன். அறைக் கதவைப் பூட்டி, டைமர் வைத்து, என்னை நானே எடுத்தேன். உயரக் கொண்டை, கையில் பவுடர் டின், தலைக்கு மேலே அதே வாசகம்: 'வெளுத்த முகமே வெற்றி முகம்'. விளம்பரத்தில் இருந்தவள் வெள்ளை, சிரித்தாள். நான் கறுப்பு, சிரிக்கவில்லை. படமே அவ்வளவுதான். பதினைந்தாம் திகதி கண்காட்சிக்குப் போகிறது.

மார்ச் 10
கொட்டாஞ்சேனை ஸ்டூடியோவில் பெரிதாக அடிக்கக் கொடுத்த படத்தை விரித்தால் — யார் இவள்? கழுத்துவரை நான், அதற்கு மேலே சுண்ணாம்பு!

"கலியாணத்துக்குக் காட்டுற படம்னு நெனச்சேன், மகள். பொம்புளப் புள்ளைகளுக்கு நாங்க கேக்காமயே செஞ்சு குடுக்கிறது" என்றார் ஸ்டூடியோக்காரர் றேமண்ட். அதுவும் இலவசமாம். கடையிலேயே கத்திவிட்டேன். திரும்ப அடித்துத் தருகிறார்.

மார்ச் 11
அந்த வெளுத்த படத்தைக் கிழிக்கத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நான் வேலைக்குப் போன நேரம் அம்மா அதை ஃபோனில் பிடித்து, டின்னையும் வாசகத்தையும் வெட்டிவிட்டு, கலியாணத் தரகருக்கு அனுப்பிவிட்டா. வடிவாக இருக்கிறதாம்.

மார்ச் 12
இன்னும் கொதிக்குது. என்ர முகம் என்ன, ஊத்தை உடுப்பா, வெளுத்து அனுப்ப?

ஹோலில் தொங்கும் அம்மாவின் குமர்க்காலப் படத்தைக் காட்டி, உங்களைப்போல வெள்ளையாகப் பிறக்காதது என் பிழையா என்று கேட்டேன். அம்மா பிறகு வெயிலில் திரிந்து கறுத்தவ என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன்.

"அதுவும் றேமண்டின்ர தகப்பன் வெளுத்ததுதான்" என்றா. "அதைப் பாத்துத்தான் அப்பாவின்ர ஆக்கள் ஓமெண்டவை. மணவறையில என்னைக் கண்டிட்டு, என்ர மாமி ஒத்துப்பாக்க அந்தப் படத்தை எடுத்து வரச் சொன்னவ."

அப்ப எனக்கும் ஏன் அதையே செய்தனீங்கள்? கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மார்ச் 13
அம்மா போட்ட தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

மார்ச் 15
கண்காட்சி. படம் என் நிறத்தில் தொங்குகிறது. கூப்பிடாமலே அம்மா வந்தா. அதன் முன்னால் நெடுநேரம் நின்றா. பிறகு பஸ் ஏறிப் போய்விட்டா. ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 16
காலையில் ஹோல் சுவரில் அம்மாவின் படம் இல்லை, ஆணி மட்டும் இருந்தது.

அம்மா என் அறையில், கமராவுக்கு முன்னால், ஸ்டூலில் இருந்தா. அந்தப் படத்தில் கட்டியிருந்த அதே சேலை. கழுவின முகம், பவுடர் இல்லை.

"தரகருக்குச் சொல்லிப்போட்டன், அப்பிடியொரு பிள்ளை எங்கட வீட்டில இல்லையெண்டு" என்றா. "இப்ப என்னை எடு. ஆணி சும்மா கிடக்கு."

ஃபோகஸ் பண்ண எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சிரிக்கச் சொல்லவில்லை.