பெயரைச் சொல்லாத போஸ்டர்

மார்ச் 3, திங்கள்

பதினோரு வருஷம் பிழை திருத்தியது போதும் என்று இன்று எனக்குப் போஸ்டர் எழுதும் வேலையைக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகைக் கடைகளின் முன்னால் தொங்குமே, அந்த மஞ்சள் தாள்தான். எங்கள் மாலைப் பத்திரிகை விற்பதே அதை வைத்துத்தான்.

ஆசிரியருக்கு ஆபீஸில் ஆச்சரியக்குறி என்று பட்டப்பெயர். மூன்றுக்குக் குறைந்து போடமாட்டார். ஒரே விதிதான் சொன்னார்: "பேரைப் போஸ்டர்லயே சொல்லிட்டா பேப்பரை எவன் வாங்குவான்? பாதியைச் சொல்லு, மீதியை உள்ள வை."

பக்கம் வடிவமைக்கும் அண்ணன் எழுத்தின் அளவைக் காட்டினார். ஓடுகிற பஸ்ஸில் இருப்பவருக்கும் தெரிய வேண்டுமாம். எனக்கு ஒரே குஷி.

மார்ச் 5, புதன்

ஊரின் மறுகோடியில் ஒரு பேக்கரியைச் சுகாதார அதிகாரிகள் சோதனை போட்டதில் மாவு மூட்டைக்குள் எலி. நான் எழுதியது:

பிரபல பேக்கரி மாவில் எலி!!!
எந்தக் கடை???
அதிர்ச்சிப் படம் உள்ளே

'எலி' மட்டும் சிவப்பில், ஒரு முழ உயரம். அண்ணன் பெரிதாக்கிய பெரிதாக்கலில் படத்து எலி கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது. கடையின் பெயர் ஆறாம் பக்கத்தில், ஏழாவது பத்தியில், பொடி எழுத்தில்.

நாலு மணிக்கெல்லாம் பேப்பர் தீர்ந்து மறுபடி அச்சடித்தார்கள். ஆசிரியர் என் மேஜைக்கே வந்து கைகொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். அவளும் அத்தானும் சின்னதாக ஒரு பேக்கரி நடத்துகிறார்கள்.

"காலையிலேர்ந்து ஒரு பன் போகலைடி. வர்றவங்க எல்லாம் மாவு மூட்டையையே மொறைச்சுப் பாக்கறாங்க. பேப்பரை யாரு படிக்கறாங்க? போஸ்டரைப் பாத்ததோட சரி. எல்லா பேக்கரியும் இவங்களுக்கு அந்த பேக்கரிதான். எந்தப் படுபாவி எழுதினானோ, அவன் நல்லா இருப்பானா?"

"இருக்கவே மாட்டான்க்கா" என்றேன். கூசாமல் சொன்னேன்!

மார்ச் 7

மனசு கேட்கவில்லை. காலையிலேயே அக்காவைக் கூப்பிட்டு, அந்தப் படுபாவி நான்தான் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள்.

இன்றைய போஸ்டரிலாவது அந்தக் கடையின் பெயரைப் போடலாமே என்று ஆசிரியரைக் கேட்டேன். "அந்த எலி செத்து ரெண்டு நாளாச்சும்மா. வேற எலி கொண்டு வா."

மார்ச் 9, ஞாயிறு

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு எப்போதும் கடைக்குப் பின்னாலேயே இருக்கும் அக்கா வீட்டில்தான். வெட்கத்தை விட்டுப் போனேன். அக்கா பரிமாறினாள். பேசவில்லை. எல்லாம் அத்தான் வழியாகத்தான்.

"உங்க மச்சினிக்கு இன்னும் சாதம் வேணுமான்னு கேளுங்க."

நான் அவளுக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்! பாவம் அத்தான், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்திருக்கும்.

"நாலு நாளா ஈ ஓட்டறேன். இப்படியே போனா இந்த மாசக் கடைசியில அடுப்பை அணைச்சிட்டு, பழைய முதலாளிகிட்டயே வேலைக்குப் போயிட வேண்டியதுதான்" என்றார், வாசல்வரை வந்து. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பத்து வருஷக் கடை. என் மூன்று வரி!

மார்ச் 10

கெடுத்தது போஸ்டர் என்றால், சரிசெய்வதும் போஸ்டராக இருக்கட்டுமே?

அக்கா கடை வாசலில் மாட்ட, முதலில் 'சுத்தம், தரம், நம்பிக்கை' என்று எழுதினேன். "இதை எவன் திரும்பிப் பாப்பான்? வரி கட்டச் சொல்ற நோட்டீஸ் மாதிரி இருக்கு" என்றார் அண்ணன். நியாயம்தான். உட்கார்ந்து மாற்றினேன்:

இந்தக் கடை மாவில் என்ன இருக்கிறது???
உள்ளே வந்து
நீங்களே பாருங்கள்!!!

அதே மஞ்சள், அதே சிவப்பு, அதே ஒரு முழ எழுத்து. சாயங்காலம் கடைக்குப் போய், கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள மரத்தட்டியைக் கழற்றிவிடச் சொன்னேன்.

"உங்க மச்சினிக்கு இன்னும் ஆசை அடங்கலையாமா?" என்றாள் அக்கா. அத்தான் திருப்புளியை எடுத்துவந்தார்.

மார்ச் 12

மாட்டிய அரைமணியில் கூட்டம்! ஆபீஸுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு எதிர் நடைபாதையில் நின்று பார்த்தேன். போகிறவர் நிற்கிறார், படிக்கிறார், முகம் மாறுகிறது, உள்ளே போய்விடுகிறார். அத்தான் கூச்சத்தோடு மாவு பிசைகிறார், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் முழங்கைவரை மூட்டைக்குள் கையை விடப் போனார். "கையைக் கழுவிட்டு வாங்க முதல்ல!" என்று அக்கா போட்ட அதட்டல் ரோட்டுக்கே கேட்டது. கடை சுத்தம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பார்த்தவர்கள் சும்மா திரும்பவில்லை. மூன்று மணிக்குத் தட்டெல்லாம் காலி.

என்னோடு மட்டும் பேச்சு இல்லை.

மார்ச் 14

ஆசிரியர் கூப்பிட்டார். போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன். நேற்று அக்கா கடை வழியாகக் காரில் போனாராம், போஸ்டரைப் பார்த்து இறங்கிவிட்டாராம். "உள்ள போய் நின்னப்புறம்தான் உறைச்சுது. நம்ம தூண்டில்ல நானே மாட்டிக்கிட்டேன்!" ஒரு கிலோ ரஸ்க்கும் வாங்கியிருக்கிறார்.

இதுதான் சமயம் என்று, இன்றைய பால் கலப்படச் செய்தியில் கம்பெனியின் பெயரைப் போஸ்டரின் முதல் வரியிலேயே போட்டேன். மூக்கைச் சுளித்தார், ஆனால் பெயரை அடித்துவிடவில்லை. எலி அளவுக்குப் போகவில்லை. ஆனாலும் விற்றது.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிட வரச்சொல்லி அத்தான்கூடக் கூப்பிடவில்லை. போவதா, வேண்டாமா? கால் தானாக அந்தத் தெருவுக்குத் திரும்பிவிட்டது.

கடை வாசலில் போஸ்டர் மாறியிருந்தது. நானும் எழுதவில்லை, அண்ணனும் வடிவமைக்கவில்லை. கேக் அட்டையின் பின்பக்கத்தில், கோணல்மாணலான அக்காவின் கையெழுத்து:

பேக்கரி அக்காவுக்குக் கோபம் தீர்ந்தது!!!
நடந்தது என்ன???
உள்ளே வாடி

கடைசி வரி பொடி எழுத்து. பஸ்ஸில் போகிற யாருக்கும் தெரியாது. கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.