அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள்

அன்பு மகள் கொலெட்டுக்கு, அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, ஃபீனிக்ஸ் வெயிலில் நீ கருகிப்போகாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். ஏ.சி.யை நேராக முகத்தில் விட்டுக்கொண்டு தூங்காதே, கேட்க மாட்டாய், இருந்தாலும் சொல்கிறேன்.

நம் பழைய ஐஸ் ஹாக்கி அரங்கத்தை இடிக்கிறார்கள். கூரை ஒழுகி ஒழுகிப் பனித்தளத்தில் மேடு கட்டிவிட்டது, போன மாதம் நடுவரே அதில் தடுக்கி விழுந்தார், ஊரே கைதட்டியது. பீவர்ஸ் அணி வேறு மாநிலத்துக்குப் போய்விடும் என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தோமே, போகவில்லை, நெடுஞ்சாலைப் பக்கம் கட்டிய புது அரங்கத்துக்குத்தான் மாறுகிறார்கள். ஆனால் அங்கே வருஷ டிக்கெட் இருக்கைகள் குறைவு, ஒரே வீட்டுக்காரர்களுக்குத்தான் அடுத்தடுத்த இடம், மற்றவர்களுக்குக் குலுக்கல் என்றுவிட்டார்கள். எனக்குத் தூக்கமே போய்விட்டது. அப்பா போன பிறகு அவருடைய இருக்கைக்கு வந்தாரே எம்மெட் டாய்ல், பள்ளிப் பேருந்து ஓட்டியவர், முதல் குளிர்காலம் முழுக்க நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அவர் ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பி ஊற்றித் தராவிட்டால் எனக்கு ஆட்டமே பிடிப்பதில்லை. இரண்டு பேருமாக டிக்கெட் அலுவலகத்துக்குப் போனோம், அங்கிருந்த பெண் “நீங்க ஒரே குடும்பமா?” என்று கேட்டாள். நான் ஒரு அவசரக்குடுக்கை, “சேச்சே, இல்லம்மா” என்றுவிட்டேன். திரும்பும் வழியில் எம்மெட் ஃபிளாஸ்க்கைத் திறக்கவே இல்லை.

போன சனிக்கிழமை கடைசி ஆட்டம். ஒரே ஆள் மூன்று கோல் போட்டால் எல்லாரும் தொப்பியைக் கழற்றிப் பனியில் வீசுவோமே, எம்மெட் மட்டும் வீசவே மாட்டார், அப்படி ஒரு கஞ்சர், “போனா திரும்பி வராதுங்க” என்பார். அன்றைக்கு நம் லிண்ட்ஹோம் மூன்றாவது கோலைப் போட்டானோ இல்லையோ, அந்தப் பச்சைக் கம்பளித் தொப்பியைச் சுழற்றி வீசினார் பார், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மொட்டைத் தலை குளிரில் சிவந்துபோனது, என் கம்பளித் துண்டை எடுத்து அவர் தலையில் கட்டிவிட்டேன். பின்வரிசை லொரெட்டா சும்மா இருப்பாளா, “யோவ் எம்மெட், இனிமே அந்த மண்டைய யாருய்யா பாத்துக்குவா?” என்று கத்தினாள். மனிதர் அவள் பக்கம் திரும்பவே இல்லை, என்னைப் பார்த்து, “ஜெனீவ், அந்தப் பொண்ணுகிட்ட போயி, நாங்க ஒரே குடும்பந்தான்னு மாத்திச் சொல்லிடலாமா?” என்றார். “சீட்டு கிடைக்கிறதுக்காகவா கேக்குறீங்க?” என்றேன். “சீட்டு போனா போகட்டும், நீங்க எங்க இருக்கீங்களோ அங்க நின்னுக்கிட்டே பாப்பேன்” என்றார். சரி என்றுவிட்டேன், கொலெட். லொரெட்டா தன் பாப்கார்னை எல்லாம் எங்கள் தலையில் கொட்டினாள். இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

அப்பாவை மறந்துவிட்டேன் என்று நீ நினைத்துவிடுவாயோ, அது ஒன்றுதான் என் கவலை. பழைய இருக்கைகளை ஜோடி ஜோடியாக விற்றார்கள், நம்முடைய இரண்டையும் எம்மெட் பெயர்த்துவந்து சமையலறை ஜன்னலோரம் போட்டிருக்கிறார். என்னுடையதில் நான் உட்காருகிறேன், அவர் மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இத்தனை வருஷம் உட்கார்ந்த இடம்தானே என்றால், “அங்க அது டிக்கெட் வாங்கின சீட்டு, இங்க அது உங்க வீட்டுக்காரர் சீட்டு. உங்க பொண்ணு வந்து உட்காரட்டும், அப்புறம் அவ சொல்றதுதான்” என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மாதா உன்னைக் கைவிட மாட்டாள். அக்டோபரில் கல்யாணம், லீவுக்கு இப்போதே சொல்லிவை. அவருக்குத் தொப்பி இல்லை, பெரிய அளவாகப் பார்த்து ஒன்று வாங்கி வா. அப்பாவின் அந்த இருக்கையைத் தினமும் துடைத்து வைக்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா ஜெனீவ்