வியாழக்கிழமைப் பள்ளம்

கணக்குப்புலி மகளுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிக்கொள். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு என் போன் எண்ணிய ஏழு நாள் நடையை ஃபிரிட்ஜில் மூன்று விதமாக ஒட்டியிருக்கிறாய். எனக்குத் தலை சுற்றுகிறது. பட்டை வரைபடம் ஒரு பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது. கோட்டு வரைபடத்தில் வியாழக்கிழமை பள்ளத்தில் விழுந்திருக்கிறேன். அட்டவணையின் அடியில் சராசரி போட்டதும் பள்ளத்தையே காணோம். “வியாழக்கிழமை படுத்தே கிடந்தீங்களாப்பா?” என்று கேட்டாய். நாலு மணிக்கு பிசியோதெரபிஸ்ட் வருவார். இதில் எதை அவரிடம் காட்டுவது?

நடக்கப் போகிறேன்.

அப்பா

(ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை.) இப்போதுதான் உறைத்தது. வியாழக்கிழமை நீ சண்டை போட்டுக்கொண்டு கிளம்பினாயே, போனை மேஜையிலேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் வரை உன் பின்னாலேயே நடந்து வந்தேன். நீதான் திரும்பிப் பார்க்கவில்லை.