தொட்டில் படம்

மாப்பிள்ள அவுகளுக்கு,

ஒங்க மகன் பொறந்து பதினோரு நாள் ஆச்சு. வாயப் பொளந்துக்கிட்டு தூங்குறான். அப்பன அப்படியே உரிச்சு வச்சிருக்கான், பாவம்.

நீங்க வரஞ்சி அனுப்புன தொட்டில் படத்த எடுத்துக்கிட்டு நேத்து மாத்தளை டவுனுக்கு, மரவேல செய்யிற தச்சு பாஸ்கிட்ட போனேன். எங்களுக்கெல்லாம் ஒரு பழைய சேல போதும். கொழும்புல டிசைன் படிக்கிறவருக்கு அதுக்கும் ஸ்பிரிங்கு, கம்பி, அம்புக்குறி!

வழியில செக் பொயின்ட்ல ஆமிக்காரங்க அத விரிச்சுப் பாத்தாங்க. "ஐயா, மாத்தயா, தொட்டில்"னு கைய ஆட்டிக் காட்டுனேன். தாலாட்டும் பாடுனேன். ஒருத்தனும் சிரிக்கல. மத்தியானம் வரைக்கும் குந்த வச்சாங்க. மூக்குக் கண்ணாடி ஒடஞ்சிருச்சி. எழுத்து கோணலா இருந்தா அதான். முன்னயும் கோணல்தான்.

இந்தக் குண்டுப் படத்த யாரு வரஞ்சதுன்னாங்க. மருமகன்னேன். எங்க இருக்காருன்னாங்க.

எம் மக வேலம்மாகிட்ட இன்னும் சொல்லல. உண்மையச் சொன்னா முடிஞ்சிரும்னு நெனச்சேன் மாப்பிள்ள. ஒங்க போர்டிங், ரூம் நம்பர், எல்லாம் சொல்லிட்டேன். என்ன விட்டுட்டாங்க. படத்த வச்சிக்கிட்டாங்க.

இதக் கொண்டு வர்றவரு ஜுனைதீன். தம்புள்ளை மரக்கறி லொறி ஓட்டுறவரு, நம்ப ஆளு. படிச்ச ஒடனே அவரு கூட ஏறிருங்க. அவரு மச்சான் வீட்டுல ஒளிஞ்சி இருங்க. கோடு போட்டு, அளவு பாத்து யோசிக்காதீங்க. சட்டகூட மாத்த வேணாம். நீங்க ஏறாம லொறிய எடுக்க மாட்டேன்னு ஜுனைதீன் சத்தியம் பண்ணிருக்காரு.

புள்ளைக்குப் பேரு நீங்க வந்துதான் வைக்கணும். அது வரைக்கும் நான் "டேய்"னு கூப்பிடுறேன்.

இப்படிக்கு,
வாய அடக்கத் தெரியாத மாமனார்