கமிஷனர் எழுதிய மனு

18.5.1979

அன்புள்ள அத்தா அவர்களுக்கு,

மகள் நஃபீசா ஸலாம் சொல்லி எழுதுவது. அம்மாவும் நானும் நலம். துபாய் வெயிலில் நீங்கள் நலமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, ஆற்றில் மணல்தான். பள்ளி விடுமுறை, அதனால் தினமும் நகராட்சிப் படிப்பகத்துக்குப் போகிறேன்.

கமிஷனர் அமிர்தலிங்கம் இந்த மாதம் 31-ம் தேதி ஓய்வு பெறுகிறார். பில் கலெக்டராகச் சேர்ந்து, ரெவின்யூ இன்ஸ்பெக்டர், மேனேஜர் என்று ஏறி வந்தவராம். தேர்தல் நடக்காததால் சேர்மன் நாற்காலியும் அவருக்கே. ஆபீஸ் வாசலில் கமிஷனர்கள் பெயர்ப் பலகை இருக்கிறதே, அதில் அவர் பெயருக்கு நேரே 'முடிய' என்ற கட்டம் மட்டும் காலி. அதைப் பார்த்துவிட்டுத்தான் தினமும் உள்ளே போவேன்.

ஓய்வு பெறுகிறவர், திருப்பித் தர வேண்டிய ஆபீஸ் பொருள் எதுவும் தன்னிடம் இல்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டுமாம். இல்லாவிட்டால் பென்ஷன் தாள் நகராது. எல்லோரும் போட்டுவிட்டார்கள். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருதையன் சார் மட்டும் போடவில்லை. ஒரு சட்டப் புத்தகம் கமிஷனர் பெயரில் நிற்கிறது.

"விலையக் கட்டிடறேன்யா" என்றார் கமிஷனர்.

"ஆபீஸ் சட்டப் புத்தகங்க ஐயா, இருக்கறதே ஒண்ணுதான். எங்க, எப்பத் தொலைஞ்சுதுன்னு எழுதிக் குடுங்க. விசாரிச்சு முடிச்சுக்கலாம்" என்றார் சார். கமிஷனர் திரும்பிப் போய்விட்டார். எங்கே என்று எப்படி எழுதுவார்?

அத்தா, அந்தப் புத்தகம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இத்தனை நாள் சொல்லாததற்கு மன்னியுங்கள்.

நம் சைக்கிள் கடையை இடித்த அன்று, "நோட்டீஸ் குடுக்காம இடிக்கலாமாங்க?" என்று கேட்டீர்கள். "சட்டம் என் கையில இருக்குய்யா, எனக்கே பாடம் நடத்துறியா?" என்று கமிஷனர் ஒரு கறுப்பு அட்டைப் புத்தகத்தைத் தட்டிக் காட்டினாரே, அதுதான். கூலி உயர்வு கேட்டு நின்ற நடவாட்களுக்கு நம் கடை வாசலில் கொடி நட இடம் கொடுத்தீர்கள். உடனே கோவிந்தராசு மிராசுதாருக்கு ரைஸ்மில் லாரி போக அந்த வழிதான் வேண்டியிருந்தது. அவர் அனுப்பிய இளநீரைக் குடிப்பதற்காகப் புத்தகத்தை நம் பெஞ்சில் வைத்த கமிஷனர், எடுக்க மறந்துவிட்டார். பம்பும் ஸ்பானர்களும் வாய்க்காலில் கிடந்தன. நான் புத்தகத்தைத் தாவணிக்குள் மறைத்து எடுத்து வந்தேன்.

ஆக்கிரமிப்பை அகற்றுமுன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்ற வரியின் கீழே சிவப்புப் பென்சில் கோடு இருக்கிறது. மாற்று இடம் கேட்டு, துபாய்க்குக் கிளம்பும்வரை நீங்கள் கொடுத்த பதினொரு மனுக்களிலும் அவர் 'பார்த்தேன்' என்று எழுதினாரே, அதே சிவப்பு. தெரியாமல் செய்யவில்லை அத்தா. தெரிந்தேதான் செய்தார்.

நேற்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு அவரே நம் வீட்டுக்கு வந்தார். "ஏம்மா, அன்னிக்கு ஒரு கறுப்பு அட்டைப் புத்தகம் கெடந்துச்சா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"மனு எழுதிக் குடுங்க சார், பரிசீலிக்கிறோம்" என்றேன் நான். உங்களிடம் பதினொரு தடவை அவர் சொன்ன வார்த்தை. "பெரியவங்ககிட்ட என்னடி வாய்?" என்று அம்மா அதட்டினார். அவர் சிரித்துவிட்டார். "கெட்டிக்காரிதான். பேப்பரக் குடு" என்றார்.

நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்துக் கொடுத்தேன். முப்பத்து நான்கு வருஷப் பழக்கம், கை தானாக ஓடியது. பொருள்: மீரா உசேன் சைக்கிள் கடையை அகற்றியபோது மறந்து வைத்த சட்டப் புத்தகத்தைத் திரும்பப் பெறுதல். இடித்த தேதிகூட இருந்தது. அடுத்த வரி 'பார்வை'. முன்னால் அனுப்பிய நோட்டீஸ் இருந்தால் அதன் எண்ணை எழுதும் இடம். அங்கே 'இல்லை' என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

தாளை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "பரிசீலிச்சுட்டுச் சொல்றோம் சார்."

என்ன எழுதிக் கொடுத்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "அம்மா, உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்கம்மா" என்றார். குரல் இறங்கிவிட்டது. அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "அவ அத்தா வரட்டுங்க, கேட்டுச் சொல்றோம்" என்றார்.

திங்கட்கிழமை தஞ்சாவூரில் கலெக்டரின் மனு நாள். அம்மாவும் நானும் முதல் பஸ்ஸில் போகிறோம். புத்தகத்தையும் அந்தத் தாளையும் கலெக்டர் கையிலேயே கொடுப்போம். ஓய்வு பெறுமுன் விசாரணை வந்துவிட்டால் பென்ஷன் நின்றுபோகும் என்று மருதையன் சார் சொல்லியிருக்கிறார். நிற்கட்டும். அவர் வீட்டிலும் யாராவது ஏர்மெயில் கவர் ஒட்டப் பழகட்டும்.

'ஆண்டவன் பார்த்துக்கொள்வான், விட்டுவிடு' என்று போன கடிதத்தில் எழுதினீர்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு வர பன்னிரண்டு நாள், உங்கள் பதில் இங்கே வர இன்னொரு பன்னிரண்டு நாள். வேண்டாம் என்று நீங்கள் எழுதினாலும் அதற்குள் 31-ம் தேதி போயிருக்கும். நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் இன்று எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வாய்க்காலில் கிடந்த ஸ்பானர்களைப் பொறுக்கி, எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். பதினாலாம் நம்பர் மட்டும் கிடைக்கவில்லை. வரும்போது வாங்கி வாருங்கள் அத்தா.

உங்கள் துஆவை வேண்டும் மகள்,
நஃபீசா